உக்ரைன் மருத்துவ மாணவர்கள்: மீட்புக்கு முன்னும் பின்னும் நடந்தது

2022 பிப்ரவரி 24 காலை தில்லியிலிருந்து கீவ் நகருக்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் ஏஐ 1947 விமானம் பாதி வழியில் திரும்பிவிட்டது. ரஷ்யா படையெடுத்ததால் உக்ரைன் தன் வான்வெளியை மூடிவிட்டதாக அறிவிப்பு வந்துவிட்டது. மாணவர்களை அழைத்துவர ஏற்பாடாகியிருந்த மூன்று சிறப்பு விமானங்களில் அது இரண்டாவது. 22ஆம் தேதி போன முதல் விமானத்தில் சுமார் 240 பேர் ஊர் வந்து சேர்ந்திருந்தார்கள். 26ஆம் தேதி போகவேண்டிய மூன்றாவது விமானம் போகவே இல்லை. அந்த மாத நடுவில் உக்ரைனுக்குள் ஏறத்தாழ 20,000 இந்தியர்கள் இருந்ததாகக் கணக்கு. பெரும்பாலோர் மருத்துவம் படிக்கப் போனவர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மட்டுமே 1,900 பேர் அளவில் இருந்தார்கள்.

அன்றிலிருந்து நம் ஊரில் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கியது. "அமெரிக்கா வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்ததே, இதுகள் ஏன் முன்னாடியே கிளம்பி வரவில்லை?" டீக்கடையில் கேட்டார்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள். பிள்ளையின் ஃபோனுக்காகத் தூங்காமல் உட்கார்ந்திருந்த பெற்றோரிடம் நேரிலேயே கேட்ட உறவுக்காரர்களும் உண்டு.

கேட்ட விதம் தப்பு. ஆனால் கேள்வி முக்கியமானது. அதற்குப் பதில் தேடிப் போனால் கதை குண்டுவீச்சில் தொடங்கவும் இல்லை, விமான நிலையத்து மாலை மரியாதையில் முடியவும் இல்லை என்பது புரியும். அந்த மாணவர்கள் உக்ரைனுக்குப் போனது, எச்சரிக்கை வந்தும் தங்கியது, உயிர் தப்பி வந்த பிறகு சிலர் மறுபடி அங்கேயே போனது எல்லாவற்றுக்கும் பின்னால் வருகைப்பதிவும் பட்டச் சான்றிதழும் மருத்துவக் கவுன்சில் பதிவும்தான் இருந்தன.

போன காரணம்

2021இல் நீட் எழுதியவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். தகுதி பெற்றவர்கள் 8.7 லட்சம். நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடங்கள் அப்போது 90,000 அளவில்தான். அந்த வருடம் பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 720க்கு 138. ஆக, "நீட் பாஸ்" என்பதற்கும் "சீட் கிடைத்தது" என்பதற்கும் நடுவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நின்றார்கள். 2018க்குப் பிறகு வெளிநாட்டில் மருத்துவம் படிக்கவும் நீட் தகுதி கட்டாயம் என்பதால், உக்ரைனில் சேர்ந்த இந்தத் தலைமுறை மாணவர்கள் அந்த வாசலைத் தாண்டிப் போனவர்கள்தான். நீட்டுக்குப் பயந்து ஓடியவர்கள் என்ற பேச்சு சரியில்லை.

அடுத்தது பணம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். தனியார் கல்லூரி மேனேஜ்மென்ட் கோட்டாவும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. உக்ரைனில் அப்போது வருடக் கட்டணம் மூன்று முதல் ஐந்து லட்சம் வரை. ஹாஸ்டல், சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து ஆறு வருடத்துக்கு முப்பது லட்சம் என்று வைத்தாலும், இங்கே ஒன்றரை வருடத்துக்கு ஆகும் செலவு அது. நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று, வங்கிக் கடன் வாங்கி அனுப்பியவர்களின் கணக்கு இவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12ஆம் தேதி. இந்தப் பிள்ளைகளுக்கு அது காலம் கடந்து வந்த நல்ல செய்தி.

எச்சரிக்கை வந்தும் ஏன் கிளம்பவில்லை

வெளியேறுவது பற்றி இந்தியத் தூதரகத்தின் முதல் அறிவுறுத்தல் பிப்ரவரி 15ஆம் தேதி வந்தது. இந்தியர்கள், குறிப்பாக, தங்கியே ஆகவேண்டிய அவசியம் இல்லாத மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவதைப் பரிசீலிக்கலாம் என்றது. "பரிசீலிக்கலாம்" என்றால் போ என்றும் இல்லை, இரு என்றும் இல்லை. 20ஆம் தேதி வந்தது கொஞ்சம் அழுத்தமாக இருந்தது: மாணவர்கள் எல்லோரும் வெளியேறுங்கள். 22ஆம் தேதி வந்ததைத்தான் கவனிக்க வேண்டும். ஆன்லைன் வகுப்பு உண்டா என்று உறுதிசெய்யச் சொல்லி தூதரகத்துக்கு ஏராளமான அழைப்புகள் வருவதாகவும், பல்கலைக்கழகத்தின் முடிவுக்காகக் காத்திருக்காமல் பாதுகாப்பு கருதிக் கிளம்பும்படியும் அதில் சொன்னார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் டாங்குகள் நிற்கும்போது பிள்ளைகள் தூதரகத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டது வகுப்பைப் பற்றித்தான். வேடிக்கையாகத் தெரியலாம். அங்கே படித்தவர்களுக்கு அது வேடிக்கை இல்லை. சோவியத் காலத்திலிருந்து வரும் முறை அது. பத்துப் பதினைந்து பேர் கொண்ட சிறு குழுவாகப் பாடம் நடக்கும், தினமும் வருகைப்பதிவு உண்டு. ஒரு வகுப்பைத் தவறவிட்டால் அந்தப் பாடத்தைப் பிறகு ஆசிரியர் முன்னால் தனியாகச் சொல்லி ஈடுகட்டவேண்டும். மாணவர்கள் அதை ஒத்ரபோத்கா என்பார்கள். ஒரு வாரம் போகாமல் இருந்தால் பருவம் முடியும்வரை அதைத் துரத்திக்கொண்டே இருக்கவேண்டும். மூன்றாம் ஆண்டில் கிரோக் 1, கடைசி ஆண்டில் கிரோக் 2 என்று அரசுத் தேர்வுகள் வேறு. பல கல்லூரிகள் பிப்ரவரி மூன்றாம் வாரம் வரை, நேரில் வராவிட்டால் வருகை கிடையாது என்றே சொல்லிக்கொண்டிருந்தன.

இதற்கு மேல் நம் ஊர் விதி. தேசிய மருத்துவ ஆணையம் வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்கவேண்டும் என்றால் படிப்பு முழுவதும் ஒரே கல்லூரியில் நேரில் நடந்திருக்கவேண்டும். ஆன்லைன் வகுப்பு கணக்கில் வராது என்ற பயம் கொரோனா காலத்திலேயே, சீனாவுக்குத் திரும்ப முடியாமல் ஊரில் மாட்டிக்கொண்ட மாணவர்களைப் பார்த்து வந்துவிட்டது. விமான டிக்கெட்டோ அறுபதாயிரம், எழுபதாயிரம் என்று ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவு கொடுத்து வந்துவிட்டு, போர் வராமல் போனால்? வருகையும் போய், பணமும் போய், மறுபடி டிக்கெட் போட்டுத் திரும்பவேண்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளையும் அதன் அப்பாவும் ஃபோனில் பேசி எடுத்த முடிவு இது. உக்ரைன் அரசே கடைசி வாரம் வரை மக்களைப் பதற்றப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

22ஆம் தேதி அறிவுறுத்தலை 15ஆம் தேதியே எழுதியிருந்தால், கூடவே "வருகைப்பதிவு பற்றி நாங்கள் பேசிக்கொள்கிறோம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அந்த ஒரு வாரத்தில் இன்னும் பல ஆயிரம் பேர் கிளம்பியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

மேற்கில் ஒரு போர், கிழக்கில் வேறொரு போர்

மீட்பைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இந்தியர்களை மீட்க அரசு நடத்திய ஆபரேஷன் கங்காவின் முதல் விமானம் ருமேனியாவின் புகாரெஸ்ட்டிலிருந்து 219 பேருடன் பிப்ரவரி 26 அன்று மும்பையில் இறங்கியது. ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, போலந்து, ருமேனியா எல்லைகளுக்கு நான்கு மத்திய அமைச்சர்கள் போனார்கள். 90 விமானங்களில், விமானப்படையின் சி 17 விமானங்களும் அதில் அடக்கம், ஏராளமானோர் வந்தார்கள். போருக்கு முன்பே கிளம்பியவர்களையும் சேர்த்து மொத்தத்தில் சுமார் 22,500 இந்தியர்கள் திரும்பினார்கள். பெரிய வேலைதான், மறுக்க முடியாது.

ஆனால் விமானம் ஏறியதெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம். அதுவரை வந்து சேர்வது மாணவர்களின் பாடு. உஷ்ஹொரோத், செர்னிவ்ட்சி போன்ற மேற்கு ஊர்களில் இருந்தவர்களுக்கு எல்லை பக்கம்தான். லிவிவ் பக்கமிருந்து போலந்தின் மெடிகா நோக்கிப் போனவர்கள் வண்டிகள் நகராத சாலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து, ஷெஹினி சோதனைச் சாவடியில் பனியில் நின்றார்கள். கார்கிவிலும் சுமியிலும் இருந்தவர்களுக்கு நடந்தது வேறு. கார்கிவிலிருந்து ரஷ்ய எல்லை நாற்பது கிலோமீட்டர். பாதுகாப்பான மேற்கு எல்லையோ ஆயிரம் கிலோமீட்டர்.

கார்கிவ் மாணவர்கள் முதல் ஐந்தாறு நாளை மெட்ரோ நிலையத்திலும் ஹாஸ்டல் நிலவறையிலும் கழித்தார்கள். மார்ச் 1 அன்று, சாப்பாட்டுப் பொருள் வாங்க வெளியே வந்த கர்நாடக மாணவர் ஒருவர் ஷெல் தாக்குதலில் இறந்தார். மறுநாள் மதியம் தூதரகத்திலிருந்து ஓர் அவசர அறிவிப்பு வந்தது: கார்கிவை விட்டு உடனே வெளியேறுங்கள், உக்ரைன் நேரப்படி மாலை ஆறு மணிக்குள் பெசோச்சின், பாபாய், பெஸ்லூதிவ்கா ஆகிய ஊர்களுக்குப் போய்விடுங்கள். சற்று நேரத்தில் இன்னொன்று. வண்டி கிடைக்காதவர்கள், ரயில் நிலையத்தில் நிற்பவர்கள், நடந்தே போங்கள். தூரத்தையும் அதிலேயே போட்டிருந்தார்கள்: பெசோச்சின் 11 கிலோமீட்டர், பாபாய் 12, பெஸ்லூதிவ்கா 16.

அந்த நேரத்தில் நிலையத்தில் நின்றவர்கள் பலர் ரயிலில் இடம் கிடைக்காதவர்கள். பெண்களையும் குழந்தைகளையும் முதலில் ஏற்றியதால் வெளிநாட்டு மாணவர்கள் பிளாட்பாரத்திலேயே நின்றார்கள். தோளில் பை, கையில் பாஸ்போர்ட், ஃபோனில் குறைந்துகொண்டே வரும் சார்ஜ். வழி தெரியாத ஊரில், உறைபனிக் குளிரில், குண்டுச் சத்தத்துக்கு நடுவே கூகுள் மேப் பார்த்துக்கொண்டு கும்பல் கும்பலாக நடந்தார்கள். மூவர்ணக் கொடியைக் கையில் பிடித்தபடி நடந்தவர்களும் உண்டு. இருட்டுவதற்குள் பெசோச்சின் போய்ச் சேர்ந்தவர்கள் அங்கிருந்து பஸ் கிடைக்க மேலும் நாட்கணக்கில் காத்திருந்தார்கள்.

சுமியில் இதைவிட மோசம். அங்கே சுமார் 700 பேர். ரயில் பாதை துண்டிக்கப்பட்டிருந்தது, சாலையில் சண்டை. மார்ச் 3 அன்று கரண்ட்டும் தண்ணீரும் நின்றன. ஹாஸ்டல் வாசலில் விழுந்து கிடந்த பனியைப் பக்கெட்டில் அள்ளி, உருக்கிக் குடித்தார்கள். 5ஆம் தேதி பொறுமை போய், நடந்தே ரஷ்ய எல்லைக்குப் போகிறோம், எங்களுக்கு ஏதாவது ஆனால் அரசும் தூதரகமும்தான் பொறுப்பு என்று வீடியோ போட்டார்கள். கிளம்பாதீர்கள் என்று தில்லி கெஞ்சாத குறை. 7ஆம் தேதி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, போர்நிறுத்தம் நிலைக்கவில்லை என்று இறக்கிவிட்டார்கள். அன்று பிரதமர் இரு நாட்டு அதிபர்களிடமும் பேசினார். 8ஆம் தேதி 12 பஸ்களில் பொல்தாவாவுக்கு 175 கிலோமீட்டர், அங்கிருந்து ரயிலில் லிவிவ், பிறகு போலந்து. 11ஆம் தேதி தில்லி.

அந்த வாரத்தில் மத்திய அமைச்சர் ஒருவர், வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர்களில் 90 சதவீதம் பேர் இங்கே தகுதித் தேர்வில் தேறுவதில்லை என்றார். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய எழுதும் அந்த எஃப்எம்ஜிஇ தேர்வில் தேர்ச்சி குறைவு என்பது உண்மைதான். 300 கேள்வி, 150 எடுத்தால் பாஸ், அதிலேயே பெரும்பாலான முறை கால்வாசிப் பேர்கூடத் தேறுவதில்லை. பாடம் ஆங்கிலத்தில், நோயாளி பேசுவது உக்ரைன் மொழியோ ரஷ்ய மொழியோ, டெங்குவும் மலேரியாவும் பாடப்புத்தகத்தில் மட்டும் என்று அதற்குக் காரணங்கள் உண்டு. பேசவேண்டிய விஷயம்தான். பேசிய நேரம்தான் கேவலமானது.

ஊர் வந்த பிறகு

மார்ச் பாதியில் எல்லோரும் வீடு சேர்ந்தார்கள். டிவி கேமராக்கள் போய்விட்டன. ஏப்ரலுக்குள் ஆன்லைன் வகுப்புகள் தொடங்கின. பாடம் எடுத்த ஆசிரியர்களில் சிலர் நிலவறையிலிருந்து எடுத்தார்கள், நடுவில் சைரன் ஒலித்தால் வகுப்பு நிற்கும். கிரோக் 1 அடுத்த கல்வியாண்டுக்குத் தள்ளிப்போனது. கடைசி ஆண்டு மாணவர்களுக்கு கிரோக் 2 இல்லாமலே பட்டம் கொடுக்க உக்ரைன் முடிவு செய்தது. போர் நடக்கும் நாடு தன் விதியைத் தளர்த்திக்கொண்டது.

இந்தியப் பக்கம் அவ்வளவு சுலபமாக நகரவில்லை. இங்குள்ள கல்லூரிகளில் இவர்களைத் தொடரவிட வேண்டும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் பிரதமருக்கு எழுதினார். மேற்கு வங்கம் தன் மாணவர்களைத் தானே சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது, விதியில் இடமில்லை என்று தில்லி தடுத்தது. ஆகஸ்டில் வெளியுறவுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுகூட, ஒரு தடவை மட்டும் விதிவிலக்கு கொடுக்கலாம் என்றது. செப்டம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் பதில் ஒரேயடியாக வந்தது: 1956ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்திலும் 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலும் அதற்கு வழியில்லை. நீட்டில் குறைந்த மதிப்பெண்ணும் செலவும்தான் இவர்கள் வெளிநாடு போன காரணம், இவர்களை இங்கே சேர்த்தால் இடம் கிடைக்காத மற்றவர்கள் வழக்குப் போடுவார்கள் என்றும் சொன்னது.

சட்டப்படி அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. 500 மதிப்பெண் எடுத்தும் சீட் கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? நான் குறை சொல்வது மறுத்ததை அல்ல, மறுக்க எடுத்துக்கொண்ட காலத்தை. மார்ச்சிலேயே "இங்கே இடமில்லை, வேறு நாட்டில் படிக்க இன்னின்ன வழி" என்று சொல்லியிருக்கலாம். மாற்றுக் கல்லூரியில் தற்காலிகமாகப் படிப்பதற்கு ஆணையம் ஆட்சேபமில்லை என்று சொன்னது செப்டம்பர் 6ஆம் தேதி. அதற்குள் அடுத்த கல்வியாண்டே தொடங்கிவிட்டது. ஆறு மாதம் பிள்ளைகள் நீதிமன்றத் தேதிகளையும் வதந்திகளையும் பார்த்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மாற்று ஏற்பாடும் புரிந்துகொள்ளச் சிக்கலானது. வேறு நாட்டுக் கல்லூரியில் படிக்கலாம், ஆனால் பட்டம் தருவது பழைய உக்ரைன் கல்லூரியாகத்தான் இருக்கவேண்டும். கல்லூரியையே மாற்றிக்கொள்வது வேறு விஷயம். ஒரே கல்லூரி என்ற விதி அங்கே வந்து நிற்கும். ஏஜென்ட்டுகள் சிலர் இரண்டையும் ஒன்றாகவே பேசி விற்றார்கள். உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டுக்கும் ஜார்ஜியாவுக்கும் போனவர்கள், தங்கள் பெயர் எந்தக் கல்லூரிப் பதிவேட்டில் இருக்கிறது என்பதையே போன பிறகுதான் விசாரிக்கவேண்டியிருந்தது.

கடைசி ஆண்டு மாணவர்களுக்கு மட்டும் வேறு கதவு திறந்தது. 2022 ஜூன் 30க்குள் படிப்பை முடித்தவர்கள் எஃப்எம்ஜிஇ எழுதலாம், ஆனால் ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் பயிற்சிக்குப் பதில் இரண்டு வருடம். 2023 மார்ச் 28 அன்று, திரும்பிவந்த கடைசி ஆண்டினர் எந்த இந்தியக் கல்லூரியிலும் சேராமலே எம்பிபிஎஸ் இறுதித் தேர்வின் இரு பகுதிகளையும் எழுதலாம் என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அவர்களுக்கும் இரண்டு வருடப் பயிற்சி, அதில் முதல் வருடத்துக்கு உதவித்தொகை கிடையாது. முதல் மூன்று ஆண்டுகளில் இருந்தவர்களுக்கு இந்தக் கதவு இல்லை.

மறுபடி போனவர்கள்

படிப்பு முடியாதவர்களில் ஒரு பகுதியினர் 2022 இலையுதிர் காலத்திலேயே மால்டோவா, போலந்து, ஹங்கேரி வழியாக உக்ரைனுக்குள் திரும்பிப் போனார்கள். பெரும்பாலும் மேற்கு ஊர்களான இவானோ ஃபிராங்கிவ்ஸ்க், உஷ்ஹொரோத், தெர்னோபில் போன்றவற்றுக்கு. அக்டோபர் 10க்குப் பிறகு மின் நிலையங்கள் மீது ஏவுகணைகள் விழத் தொடங்கின. 19ஆம் தேதி தூதரகம் மறுபடியும், உக்ரைனை விட்டு வெளியேறுங்கள் என்றது. இந்த முறை போனவர்களில் பலர் அசையவில்லை. "இன்னொரு தடவை வந்தால் படிப்பு போச்சு" என்பது அவர்கள் சொன்ன காரணம். கரண்ட் இல்லாத மாலைகளில் டார்ச் வெளிச்சத்தில் படித்து, சைரன் அடித்தால் நிலவறைக்கு இறங்கி, அங்கேயே வகுப்பைத் தொடர்ந்தார்கள். பிப்ரவரியில் தங்கியவர்களைத் திட்டியவர்கள், அக்டோபரில் தங்கியவர்களைப் பற்றி யோசித்துப் பார்த்தால் முதல் முடிவின் காரணமும் புரிந்துவிடும்.

2024 ஜூனில் மருத்துவ ஆணையத்திடமிருந்து இன்னொரு சுற்றறிக்கை. கொரோனாவாலோ போராலோ கடைசி வருடத்தில் ஊர் வந்து ஆன்லைனில் படித்தவர்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி, அதற்கு முந்தைய வருடத்திலேயே வந்துவிட்டவர்களுக்கு மூன்று வருடம். எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் ஒரு விளக்கம் வந்தது: ஆன்லைன் வகுப்புகளுக்கு ஈடாகப் பிறகு நேரில் படித்து, அதன்பின் தேர்வெழுதித் தேறியவர்களுக்கு ஒரு வருடம் போதும். ஆக, எல்லாம் ஒரு காகிதத்தில் வந்து நின்றது. இத்தனை நாள் நேரில் வந்து ஈடுகட்டினார் என்று கல்லூரி எழுதித் தரும் சான்றிதழ் அது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பத்து வருடம் ஆகியும் சம்பளம் வாங்காமல் இருக்கும் ஒருவருக்கு, அந்தத் தாளின் விலை இரண்டு வருட வாழ்க்கை.

இப்போது

ஏஜென்ட் அலுவலகங்களின் பலகையில் உக்ரைன் இருந்த இடத்தில் இப்போது ஜார்ஜியா, கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் என்று இருக்கிறது. கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் 2024 மே 17 இரவு, உள்ளூர்க் கும்பல் வெளிநாட்டு மாணவர் ஹாஸ்டல்களில் புகுந்து தாக்கியது. அறையை விட்டு வெளியே வராதீர்கள் என்று இந்தியத் தூதரகம் சொன்னது. கொஞ்ச நாளில் வகுப்புகள் ஆன்லைனுக்கு மாறின, விமான டிக்கெட் விலை ஏறியது. ஊருக்கு வரலாமா, வந்தால் அந்த ஆன்லைன் வகுப்பு கணக்கில் வருமா என்று பெற்றோர்கள் மறுபடி ஃபோன் போட ஆரம்பித்தார்கள்.

உக்ரைன் பிள்ளைகளைப் பார்த்துப் பாடம் கற்ற மூத்த மாணவர்கள், புதிதாகச் சேருபவர்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்புகிறார்கள். மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. பருவம்தோறும் வருகைப்பதிவு நகல், எந்தப் பாடம் எத்தனை மணி நேரம் நேரில் நடந்தது என்று கல்லூரி முத்திரையோடு ஒரு தாள், கட்டண ரசீது எல்லாவற்றையும் அப்போதைக்கப்போதே வாங்கி, ஒரு பிரதியை வீட்டுக்கு அனுப்பிவிடு. பட்டம் வாங்கிய பிறகு கேட்டால், கொடுக்கிற இடத்தில் ஆள் இருக்குமோ இருக்காதோ.